கொப்பியில் வைத்த புள்ளிகள்

பெரியம்மாவின் கொப்பியில் பெயர்கள் அகரவரிசையில் இல்லை. ஒழுங்கை ஒழுங்கையாக, படலை படலையாக இருந்தன. கடற்கரையில் மீனவர்கள் தங்கும் குடில்களான வாடிகள் இருக்கும் பக்கத்தில் தொடங்கி, அம்மன் கோயிலடியில் திரும்பி, நிலாவெளி வீதியில் ஏறும் சந்தியில் முடியும். நான் அதை வாங்கி, இரவு பத்து மணிவரை இருந்து, அகரவரிசையில் புதிதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா இரண்டு பக்கம் புரட்டினார். "எழுத்து முத்துப்போல இருக்கிறது பிள்ளை. ஆனால் சாமான் கொண்டு சைக்கிளில் போகிறவன் அகரவரிசையிலா போவான்?" என்று கேட்டுவிட்டுப் பழைய கொப்பியையே எடுத்துக்கொண்டார்.

அது 2020 மார்ச் கடைசி வாரம். கொரோனாவால் 13ஆம் திகதியிலிருந்து பாடசாலைகள் பூட்டு. 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு. எனக்குப் பதினெட்டு வயது, ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை. முதல் சில நாட்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கைபேசியில் இத்தாலியின் செய்திகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். பெரியம்மா படலையில் நின்று, "உன்னுடைய எழுத்துத் தெளிவானது, வா" என்று கூப்பிட்டது அப்போதுதான். எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் அவர் பொருளாளர். தலைவிக்கு இருதய நோய் என்பதால் வெளியே வரவேண்டாம் என்று பெரியம்மாவே தடுத்திருந்தார்.

எங்கள் ஊர் திருகோணமலை மாவட்டத்தில், உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் கடலை ஒட்டி இருக்கிறது. இங்கே வருமானத்துக்கு இரண்டு வழிதான்: கடல், ஹோட்டல். இரண்டுக்கும் ஒரே காலம். வாடைக்காற்று அடங்கிச் சித்திரை பிறக்கும்போது கடல் குளம்போலாகும். மேற்குக் கரையிலிருந்துகூடப் படகுகளோடு வந்து இங்கே வாடி அடிப்பார்கள். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை புறாத்தீவு பார்க்க வெளிநாட்டவர்கள் வருவார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு அந்தக் காலத்தை அப்படியே விழுங்கிவிட்டது. அடுத்த ஆண்டு எடுத்துவிடலாம் என்று கடன்பட்டுக் காத்திருந்தவர்களின் தலையில்தான் ஊரடங்கு விழுந்தது. மீன்பிடிக்கத் தடையில்லை என்றார்கள். ஆனால் பிடித்த மீன் ஊரைவிட்டு வெளியே போக வழி இருக்கவில்லை. கரைவலையில் ஏறிய நெத்தலியையும் சூடையையும் கரையிலேயே குவித்துவைத்து, யாராவது வருவார்களா என்று பார்த்திருந்த காலைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

பெரியம்மா சம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். 2006இல் மூதூர் கிழக்கில் யுத்தம் மூண்டபோது இரண்டு பிள்ளைகளோடு வாகரைக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்பு முகாமுக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் கிடந்து, கடைசியில் அம்மாவைத் தேடி இங்கே வந்தவர். பெரியப்பா அந்த வழியில் இல்லாமல் போனார். அதைப்பற்றி அவர் பேசுவதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை. முகாமைப்பற்றி மட்டும் சொல்வார். நிவாரண லொறி வந்தால் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கிடைக்கும். கைக்குழந்தைக்காரி, காய்ச்சலில் கிடக்கிறவர், கூச்சக்காரி, இவர்கள் வரிசைக்கு வரமாட்டார்கள். "அதனால் கணக்கை வரிசையிலிருந்து தொடங்கக் கூடாது, வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்" என்பார்.

ஒரு வீட்டுக்கு ஒரு வரி. முதலில், சாப்பிடுகிற வாய் எத்தனை. குடும்ப அட்டையில் இருக்கிற எண்ணிக்கை அவருக்கு வேண்டாம், அன்றிரவு அந்த வீட்டில் படுக்கிறவர்களின் எண்ணிக்கை வேண்டும். வாடியில் மாட்டிக்கொண்ட சிலாபத்துத் தொழிலாளர்கள் எந்த அட்டையிலும் இல்லை, கொப்பியில் இருந்தார்கள். அடுத்து, பால்மா குடிக்கும் குழந்தை உண்டா, தினமும் விழுங்கும் மருந்து என்ன, அடுப்பு விறகா காஸா. கடைசியில் ஒரு வெறும் இடம். சில வீடுகளுக்கு மட்டும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது.

புள்ளி என்றால் என்ன என்று கேட்டேன்.

"கேட்கமாட்டார்கள்."

அந்தப் புள்ளி வீடுகளுக்கு அவர் ஒருநாளும் நிவாரணம் என்று சொல்லி எதையும் அனுப்பவில்லை. ஒரு வீட்டுக்கு, "போன வருஷம் என் மகளின் விசேஷத்துக்கு நீங்கள் தந்த அரிசி, கடன் தீர்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். அப்படி ஒரு கடன் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. இன்னொரு வீட்டுக்கு வேலை அனுப்பினார்: முகக்கவசத்துக்கு நாடா வெட்டித்தாருங்கள், சமையலுக்குத் தேங்காய் துருவித்தாருங்கள். வேலை செய்த வீட்டுக்குக் கூலியாகப் பருப்பும் சீனியும் போகும். யாரும் தலைகுனியவில்லை.

நான் கொப்பியோடு இரண்டு கிழமைக்கு மேல் அலைந்தும் எங்கள் ஒழுங்கையின் பக்கத்தை உற்றுப் பார்க்கவில்லை. எங்கள் வீடுதானே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள் சாமான் பிரித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அப்பாவின் பெயர், வாய் ஐந்து, மருந்து இல்லை, காஸ், பக்கத்தில் ஒரு புள்ளி. அப்பா நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். மார்ச் சம்பளம் பாதிதான் வந்திருந்தது, ஏப்ரலில் வராது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா இரவில் வெறும் தேத்தண்ணீரோடு எழும்பி, "வயிறு சரியில்லை" என்று சொன்ன நாட்களை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் குசினியில் ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது தேங்காய் துருவப்பட்டுக்கொண்டிருந்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. துருவலையில் நானும் முறை மாறி உட்காரத் தொடங்கினேன், அவ்வளவுதான்.

இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பட்டியலை உங்கள் சொந்த ஒழுங்கையிலிருந்து, முடிந்தால் சொந்த வீட்டிலிருந்து எழுதுங்கள். தூரத்து வறுமை உடனே கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பது பழகிப்போய் மறைந்துவிடும்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். விளையாட்டுக் கழகப் பொடியன்கள் இரண்டு பேருக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பொலிஸில் அனுமதிச் சீட்டு எடுத்தோம். கொழும்பு, கம்பஹா, களுத்துறை போல எங்கள் மாவட்டம் தொடர்ந்து பூட்டிக் கிடக்கவில்லை. இடையிடையே ஊரடங்கைத் தளர்த்தினார்கள். தளர்த்திய காலையில் சந்தைக்கும் கடைக்கும் ஊரே பாயும். அந்த நேரத்தில் பெரியம்மா யாரையும் கடைக்கு அனுப்பமாட்டார். கடைக்காரரிடம் முதல் நாளே தொலைபேசியில் மொத்தமாகச் சொல்லி, பின்வாசலால் எடுப்போம். மொத்தமாக எடுத்ததால் கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தது. அந்த மிச்சத்தில் சவர்க்காரம் வாங்கினோம்.

அரசாங்கத்தின் 5000 ரூபாய்க் கொடுப்பனவு ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்தது. சமுர்த்தி என்ற அரச உதவித் திட்டத்தின் பட்டியலில் இருந்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. வாடகைக்கு இருந்தவர்கள், வேறு பிரிவில் பதிவுள்ளவர்கள், கணவன் வெளிநாட்டில் இருப்பதால் "வசதியான வீடு" என்று கருதப்பட்டவர்கள் விடுபட்டார்கள். முறையீட்டுக் கடிதம் எழுதுவதுதான் அப்போது என் வேலை. பதினாறு கடிதம் எழுதினேன். கையால் எழுதி, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுத்தந்தது மீன் விற்கும் மாமி. அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நுண்கடன்காரர்களோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் கற்ற பாடம் அது. "வாயால் சொன்னதை அடுத்த கிழமை மறந்துவிடுவார்கள். தாளில் இருந்தால் மறக்கமுடியாது" என்றார். கடன் தவணை ஆறு மாதம் ஒத்திவைப்பு என்ற அறிவிப்பு வந்தபோதும், வட்டி நிற்குமா ஓடுமா என்று எழுத்தில் கேட்டவர் ஊரில் அவர் ஒருவர்தான். ஓடும் என்று பதில் வந்தது. அதைப் பார்த்துத்தான் இன்னும் சிலர், கையில் இருந்ததைக் கொண்டுபோய் ஓரளவு கட்டிவைத்தார்கள்.

இனி என் தவறு. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மே மாதத்தில் ஆட்கள் குறைந்தார்கள். மீன் வெளியே போகச் சற்று வழி திறந்ததும் பொடியன்கள் தொழிலுக்குப் போய்விட்டார்கள். உதவிக்கு ஆள் சேர்க்கலாம் என்று நினைத்து, கொப்பியின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இத்தனை வீடுகளில் அடுப்பெரியவில்லை, வாருங்கள்" என்று எழுதினேன். நல்ல எண்ணம்தான். பத்து நிமிடத்தில் ஏழு பேர் வருகிறோம் என்றார்கள். அந்த இரண்டு பக்கத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடும் இருந்தது. அவளுடைய அப்பாவின் பெயர், பக்கத்தில் என் கையெழுத்தில் "பால்மா இல்லை". அவள் ஒன்றும் எழுதவில்லை. குழுவைவிட்டு வெளியேறினாள். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போன பொதி படலையிலேயே கிடந்தது, மாலையில் காகம் கொத்திப் பிரித்திருந்தது.

பெரியம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் கொப்பியைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் என்னிடம் தரவில்லை. நான்காம் நாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு என்னைத் தனியே போகச் சொன்னார். போனேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம். மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டிருந்தால் நானே சைக்கிளில் வந்திருப்பேன். என்னையும் கூப்பிட்டிருக்கலாமே" என்றாள். அவளை உதவி வாங்குகிறவளாக மட்டும் பார்த்துவிட்டேன், வேலைக்கு ஒரு ஆளாகப் பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் வந்தாள், கடைசிவரை நின்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு சட்டம். கொப்பியைப் படம் எடுக்கக் கூடாது. கொண்டுபோகிறவனுக்கு அன்றைக்குப் போக வேண்டிய வீடுகள் மட்டும் சிறு துண்டில். துண்டு மாலையில் அடுப்புக்குள். பொதி கொடுக்கும்போது படம் எடுத்து அனுப்பக் கேட்ட ஒரு நன்கொடையாளரிடம், கடை பற்றுச்சீட்டைத்தான் அனுப்பமுடியும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அவர் இரண்டாம் முறை தரவில்லை. எனக்கு அது நஷ்டமாகத் தோன்றவில்லை.

மருந்து விஷயத்தில் நிறையக் கற்றேன். அரச வைத்தியசாலைக் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போது வந்தது. நல்ல ஏற்பாடு, தபால்காரர்கள் உண்மையில் வெயிலில் அலைந்து கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் "கடற்கரை வீதி" என்ற முகவரியில் ஏராளமான வீடுகள். பெயரின் முன்னெழுத்து மாறினால் நீரிழிவு மருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். எல்லாருடைய கிளினிக் கொப்பி இலக்கத்தையும், தொலைபேசி உள்ள ஒரு பிள்ளையின் இலக்கத்தையும் சேர்த்து எழுதி அனுப்பிய பிறகுதான் சீரானது.

அதைவிடப் பெரிய சிக்கல் குளிசையின் நிறம். எங்கள் ஒழுங்கை அம்மம்மா ஒருவர், மருந்துகளை நிறத்தால்தான் அறிவார். அந்த மாதம் வந்த பிரஷர் குளிசை வேறு கம்பனியுடையது, வேறு நிறம். புதிய மருந்து தந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த பழையதையும் சேர்த்து விழுங்கி, இரண்டு நாளில் தலைசுற்றி விழுந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. கிளினிக் தாதியிடம் தொலைபேசியில் கேட்டுத் தெளிந்தோம். அதற்குப்பின் புதுப் பொதி வந்தால் பழையதை அன்றே எடுத்துவிடுவோம். அம்மம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் எழுதி ஒட்டிப் பயனில்லை. காலை மருந்துப் பையில் நூலால் ஒரு முடிச்சு, இரவுப் பையில் இரண்டு முடிச்சு. விரலால் தடவிப் பார்த்து எடுப்பார். இந்த யோசனை என் தோழியுடையது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாளே, அவளுடையது.

படிப்பைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸூம் வகுப்பு எங்களுக்கு எட்டவில்லை. ஆசிரியர்கள் சிலர் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்கள். ஒரு ஸ்மார்ட் போன் உள்ள வீட்டு விறாந்தையில் மூன்று மூன்று பேராக இடைவெளி விட்டு இருந்து கேட்டோம். குரல்பதிவுக்கு டேட்டா கொஞ்சம்தான் போகும், காணொளி ஒன்று பார்த்தால் கிழமைக் காசு முடிந்துவிடும். ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால் மறக்காதீர்கள்: பேசி அனுப்புங்கள், கூடவே முக்கிய குறிப்பை ஒரு பக்கப் படமாக அனுப்புங்கள், அது போதும். பரீட்சை ஆகஸ்டிலிருந்து தள்ளித் தள்ளி ஒக்டோபர் 12இல் தொடங்கியது.

தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது இரண்டாவது அலை. ஒக்டோபர் 4ஆம் திகதி மினுவாங்கொடை ஆடைத்தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. கம்பஹாப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் ஊர் அக்கா ஒருவர், அதற்குச் சில நாட்களுக்கு முன்பு விடுமுறையில் வந்திருந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து 14 நாள் தனிமைப்படுத்தல் அறிவித்தலைப் படலையில் ஒட்டிப் போனார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஊர்தான் மாறியது. அந்த அக்கா ஐந்து வருடமாக மாதம் தவறாமல் பணம் அனுப்பித் தம்பியைப் படிப்பித்தவர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை அனுப்பியவர். அந்த வீட்டுப் பக்கம் யாரும் நடக்கவில்லை. ஒழுங்கைக் குழாயில் அவர்களின் குடத்தை யாரோ தூக்கி வீசியிருந்தார்கள்.

பெரியம்மா தன்னுடைய சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் படலைக்கு வெளியே வைத்தார். தினமும் காலை ஏழு மணிக்குச் சாமானைக் கதிரையில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று, ஊருக்கே கேட்கிற குரலில், "பிள்ளை, இரவு நித்திரை வந்ததா? காய்ச்சல் இல்லைதானே? கத்தரிக்காய் வாடியிருந்தால் சொல்லு, மாற்றித்தருகிறேன்" என்று பேசுவார். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு மாமியும் தன் படலையில் நின்று பேசினார். பயம் குறைந்தது வைத்திய விளக்கத்தால் அல்ல, அந்தச் சத்தமான பேச்சால்தான் என்று நான் நம்புகிறேன்.

அந்த முதல் பொதியைக் கட்டியவர்கள் பொடியன்கள். அரிசி, பருப்பு, ரின்மீன், சவர்க்காரம், பனடோல், எல்லாம் சரி. வயதுக்கு வந்த இரண்டு பெண்களும் ஒரு தாயும் இருக்கும் வீட்டுக்கு 14 நாளுக்கு மாதவிடாய் அணையாடை ஒரு பைக்கட்கூட இல்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று பெரியம்மா கொப்பியில் இன்னொரு கட்டம் கீறி, அதைப் பொடியன்கள் முன்னாலேயே, குரலைத் தாழ்த்தாமல் வாசித்து, வாங்கிவரச் சொன்னார். முதல் நாள் காது சிவந்து போனவர்கள், அடுத்த மாதம் தாங்களாகவே, "மாமி, இந்த வீட்டுக்கு எத்தனை பைக்கட்?" என்று கேட்டார்கள். என் ஊரில் நான் கண்ட மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது இது.

அதே ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவிச் சந்தையை மூடினார்கள். மீன் சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற பேச்சு நாடெங்கும் பரவி மீன் விலை விழுந்தது. ஐப்பசி மழை தொடங்கியிருந்ததால் கருவாடு போடவும் வெயில் இல்லை. மீன் விற்கும் மாமி விற்காத கீரிமீனை வெட்டி, புளியும் மிளகாயும் போட்டு அவித்து, சட்டியோடு கொண்டுபோய் ஒழுங்கையில் இருந்து எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டார். அன்றிரவு எங்கள் வீட்டிலும் மீன் குழம்பு.

கிண்ணியாவில் பெரியம்மாவுக்கு ஒரு முஸ்லிம் சிநேகிதி உண்டு. நாங்கள் ராத்தா என்போம். சுனாமி நேரத்தில் தொடங்கிய பழக்கம். தையல் தெரிந்தவர், எங்கள் ஊருக்கு முதல் முந்நூறு முகக்கவசத்தைத் தைத்து அனுப்பியவர். அந்த வருடக் கடைசியில் அவர் தொலைபேசியில் அழுததை நான் கேட்டேன். நோயால் இறப்பவர்களை அடக்க விடாமல் எரிக்கிற காலம் அது. "எனக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் தங்கச்சி. சாவுக்குப் பயமில்லை, நெருப்புக்குத்தான் பயம்" என்றார். பெரியம்மாவிடம் பதில் இல்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கும்வரை, அந்தப் பயத்தில் காய்ச்சலை மறைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு சமூகத்தின் மரணத்தை மதிக்காமல் அதன் நோயைக் கட்டுப்படுத்த முடியாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டேன்.

இன்னொன்றைச் சுருக்கமாகத்தான் எழுதமுடியும், அது என்னுடைய கதை அல்ல. வீட்டுக்குள் அடைபட்ட ஆண்களின் கோபம் யார்மேல் இறங்கியது என்பது எல்லா ஊருக்கும் தெரியும். பெரியம்மாவின் வளவில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. "கறிவேப்பிலை வேண்டும்" என்று எந்த நேரமும் வரலாம் என்று அவர் பெண்களிடம் சொல்லிவைத்திருந்தார். கறிவேப்பிலை கேட்டு வந்த சிலர் ஒரு மணிநேரம் இருந்தார்கள். ஒருவர் பிள்ளையோடு இரவு தங்கினார். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது, 1926 மனநல உதவிக்கு, 1990 அவசர அம்பியுலன்ஸ். இந்த நான்கையும் கொப்பியின் பின்மட்டையில் நான் எழுதினேன். சுவரில் ஒட்டவில்லை. வீட்டுச் சுவரில் 1938 என்று எழுதியிருந்தால் அதை முதலில் படிப்பவன் யார் என்று யோசிக்கவேண்டும். பால்மாப் பைக்கட்டின் அடியில் சிறு துண்டாக ஒட்டி அனுப்பினோம்.

2021 மார்ச் 8இல் நகரில் ஒரு மகளிர் தின நிகழ்வில் பேச என்னை அழைத்தார்கள். "வலிமையான பெண்கள்" என்பது தலைப்பு. பெரியம்மாவைப் பற்றி எழுதி, மனப்பாடம் செய்து, முதல் நாளிரவு அவரிடமே பேசிக் காட்டினேன். இரும்பு, எஃகு, மலை, எல்லாம் அதில் இருந்தன. மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "எனக்கு முழங்கால் வலி பிள்ளை. இதைக் கேட்டால் இன்னும் இரண்டு மூட்டையைத் தலையில் வைப்பார்கள். வலிமை என்று சொல்லாதே. காலையில் இரண்டு பேர் வந்தால் போதும் என்று சொல்லு" என்றார். மறுநாள் மேடையில் இரும்பையும் எஃகையும் விட்டுவிட்டு, பெரியம்மாவின் ஒரு நாளை மணிக்கணக்கோடு சொன்னேன். அதிகாலை நான்கிலிருந்து இரவு பதினொன்று வரை. எந்தெந்த மணியில் இன்னொருவர் வந்திருக்கலாம் என்றும் சொன்னேன். கைதட்டல் குறைவுதான். ஆனால் கூட்டம் முடிந்து மூன்று பேர், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்கள். தைரியசாலி என்று ஒருத்தியைப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது, அவளுடைய சுமையை அவளிடமே விட்டுவிட்டுப் போவதுதான் என்று எனக்கு அன்று முதல் தோன்றுகிறது.

அந்த வருடம் மே மாதத்தில் பயணக்கட்டுப்பாடு வந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். அடையாள அட்டையின் கடைசி இலக்கப்படி வெளியே போகலாம் என்றார்கள். கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசி இலக்கத்தை எழுதி, யார் எந்த நாளில் யாருக்குச் சேர்த்து வாங்கிவருவது என்று பிரித்தோம். டெல்டா பரவிய ஓகஸ்டில் சீட்டுக்காசில் ஒக்சிமீற்றர் ஒன்று வாங்கினோம். அதில் ஒரு பாடம். புதுக் கல்யாணப் பெண் ஒருவரின் விரலில் அது 88 காட்டி எங்களை நடுங்கவைத்தது. விரல் நுனியெல்லாம் கறுக்கச் சிவந்த மருதாணி. அது பிழையாகக் காட்டக்கூடும் என்று குடும்பநல மாது சொன்னார். மருதாணி இல்லாத விரலில் வைத்தால் 97. குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, அசையாமல் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தும் 94க்குக் கீழே போன ஒருவருக்காக 1990ஐ அழைத்தோம். அவர் பிழைத்து வந்து, இன்றும் எங்கள் கரைவலையில் கயிறு இழுக்கிறார். எல்லாரும் பிழைக்கவில்லை. மாதர் சங்கத் தலைவி அந்த ஓகஸ்டில் போனார். கடைசிவரை அவரை வெளியே விடாமல் காத்தும், நோய் வீட்டுக்குள் வந்தது. பெரியம்மா அந்த வரியை வெட்டவில்லை. சாப்பிடும் வாய் என்ற இடத்தில் நான்கை மூன்றாக்கினார்.

எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்து வந்தாறுமூலைக்கு வந்துவிட்டேன். 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டபோது கொப்பி மறுபடி திறந்தது. அதை இப்போது எழுதுவது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மா வீட்டு விறாந்தையில் அவள் குந்தியிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். புதுக்கொப்பி, ஆனால் முதல் வரி கடற்கரைப் பக்கத்து வாடியிலிருந்துதான் தொடங்கியது. ஓரத்தில் பென்சில் புள்ளிகள். எந்தெந்த வீடு என்று பார்க்கும் ஆவலில் நான் குனிந்தேன்.

"யாருக்கும் காட்டக் கூடாது அக்கா" என்று சொல்லி, உள்ளங்கையால் பக்கத்தை மூடிக்கொண்டாள்.